ஆம்புலன்ஸுக்கு வழி

வேனின் முன்கதவைத் திறந்து ஏறும்போதே அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

“அனுப்பிட்டாங்க. காதுல விழுந்துச்சா? ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. ‘இன்னைக்கு டாக்டர் லீவு, நாளைக்குப் பாக்கலாம்’னாரு அந்த அதிகாரி. ‘நாளைக்கு வரைக்கும் அந்தாளு உயிரோட இருப்பாருன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, நான் பேசாம எந்திரிச்சுப் போயிடுறேன்’னேன். பேனாவையும் எடுத்து மேசை மேல வச்சேன். பேனாவப் பாத்ததும் மனுஷன் முகம் சுண்டிப்போச்சு.”

மனுக்கள் இருந்த கோப்பைக் காலடியில் வைத்தாள். பாட்டிலைத் திறந்து அண்ணாந்து தண்ணீர் குடித்தாள். ஒரு மணி இருபது நிமிடம் விடாமல் பேசிய தொண்டை எரிந்தது. ஓட்டுநர் இருக்கையில் அவள் கணவர் சாய்ந்து படுத்திருந்தார். முகத்தின்மேல் துண்டு. இரண்டு கைகளும் வயிற்றின்மேல். சிறைக்கு வரும் நாளெல்லாம் அவர் அப்படித்தான் படுத்திருப்பார். அதனால் அவள் பேச்சை நிறுத்தவில்லை.

“ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாச்சுன்னாங்க. எந்த நம்பருக்குப் போட்டீங்க, எத்தனை மணிக்குப் போட்டீங்க, யாரு எடுத்தாங்கன்னு வரிசையா கேட்டேன். அதுக்கப்புறம்தான் நெசமாவே போட்டாங்க. இப்பத்தான போச்சு, இந்தப் பக்கமா, பாத்தீங்களா? நீங்க எங்க பாத்திருக்கப் போறீங்க.”

அவள் கைபேசியை எடுத்து, ஆம்புலன்ஸில் போன கைதியின் மனைவியிடம் பேசினாள். “பெரியாஸ்பத்திரிக்கு வந்துடு. அழாத. அவசரப் பிரிவுக்கு நேரா போ. நானும் வந்துக்கிட்டே இருக்கேன்.”

காரியம் கைகூடிய நாட்களில் துண்டுக்கு அடியிலிருந்தே அவர் ஒரு வாக்கியம் சொல்வார்: “அப்ப இன்னைக்கு எனக்குத் திட்டு கம்மி.” காரியம் கெட்ட நாட்களில், சிறை அதிகாரிக்குப் போய்ச் சேர வேண்டிய வசவெல்லாம் வீடு வரும்வரை தன் தலையில்தான் விழும் என்பது அவருடைய ஒன்பது வருட அனுபவம். இப்போது அந்த வாக்கியம் வர வேண்டிய இடம். அவள் அதற்காக நிறுத்தினாள்.

வரவில்லை.

“வண்டிய எடுங்க. மணி பன்னெண்டாகப் போகுது.”

அவர் எடுக்கவில்லை. அவர் கையைத் தொட்டு உலுக்கினாள். கை சில்லென்று இல்லை. கண்ணாடி வழியாக விழுந்த வெயிலில் கதகதப்பாகவே இருந்தது. அது அவளை இன்னும் கொஞ்ச நேரம் ஏமாற்றியது. “ஏங்க, என்ன தூக்கம் இது,” என்று துண்டைப் பிடித்து இழுத்தாள்.

கண்கள் பாதி திறந்திருந்தன. வாய் ஒரு பக்கமாக, எதையோ சொல்ல வந்து பாதியில் மறந்துபோனவருடையதுபோல் இருந்தது.

அவள் துண்டைத் திரும்பவும் முகத்தின்மேல் போட்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பிறகு எத்தனை யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. போட்டுவிட்டு, கோப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வண்டி கிளம்பக் காத்திருப்பவள்போல நேரே பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

ஊரில் அவளுக்கு மனு அக்கா என்று பெயர். வைத்த பெயரைச் சொன்னால் தபால்காரருக்கே தெரியாது. ஒன்பது வருடங்களுக்கு முன்னால் அவளுடைய தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எந்த வழக்கு, எந்தச் சிறை என்பதைத் தெரிந்துகொள்ளவே பதினோரு நாள் ஆனது. ஆள் மாறாட்டம் என்று நாற்பதாவது நாள் விட்டுவிட்டார்கள். தம்பி வேறு ஊர் பார்த்துப் போய்விட்டான். ஆனால் அந்தப் பதினோரு நாளில் சிறை வாசலில் தன்னோடு நின்றவர்களின் முகங்களை அவளால் விட முடியவில்லை. அந்த முகங்கள்தான் பிற்பாடு ஒரு சங்கமாயின. சங்கம் என்றால் ஒரு அச்சகத்துக்கு மேலே ஒரு அறை, இரண்டு பெஞ்சு, ஒரு பீரோ, வருவதும் போவதுமாகப் பதினைந்து பெண்கள். உள்ளே இருப்பவனுக்கு மாத்திரை போகவில்லையா, ஜாமீன் கிடைத்தும் காகிதம் வந்து சேரவில்லையா, மகனைப் பார்க்க வந்த தாயை நாலு மணிநேரம் நிற்க வைத்துத் திருப்பி அனுப்பினார்களா, மனு அக்கா எழுதுவாள். எழுதியதைக் கொண்டுபோய் நீட்டுவாள். வாங்கியதற்குக் கையெழுத்து வாங்காமல் நகர மாட்டாள்.

புதிதாக வரும் குடும்பத்துக்கு அவள் மூன்று கேள்விகளைச் சொல்லிக் கொடுப்பாள். கடைசியா பாத்தது யாரு? எத்தனை மணிக்கு? பாத்ததும் என்ன செஞ்சாங்க? “இந்த மூணையும் கேளு. அழுகைய அப்புறம் வச்சுக்க,” என்பாள்.

அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மூன்று மணிவரை அவருக்கு வேலை இல்லை. அந்த இடைவெளியில் மனைவியைச் சிறை வாசலில் கொண்டுவந்து இறக்குவார். சங்கத்தில் சேரச் சொன்னால் சேர மாட்டார். “நான் டிரைவர். டிரைவருக்குக் கொள்கை கிடையாது,” என்பார். யாராவது குடும்பத்தைப் பற்றி விசாரித்தால், “வீட்டம்மா வாரத்துல ரெண்டு நாள் ஜெயில்ல. நான் வாசல்ல,” என்று முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு சொல்வார்.

ஆம்புலன்ஸில் போன கைதி தரைக்கு டைல்ஸ் ஓடு பதிக்கிற தொழிலாளி. வேலையிடத்தில் காணாமல்போன செம்புக் கம்பிக்காகப் பிடித்து, ஏழு மாதமாக விசாரணைக்குக் காத்திருந்தார். நான்கு நாளாக நெஞ்சு வலி. சாப்பாடு சரியில்லாத வாயு என்று சொல்லி ஒரு பச்சை மாத்திரையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று காலை, அந்த ஓடு பதிப்பவரின் மனைவியோடு அவள் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, கணவர் சட்டை மாட்டியபடி, “இடது தோள்பட்ட பிடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு,” என்றார். அவள் போனை லேசாக விலக்கி, “தலையணைய மாத்துங்கன்னு எத்தனை நாளா சொல்றேன்,” என்றாள். விலக்கிய போனுக்குள் அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள்: “தோள்ல ஆரம்பிச்சு கைக்கு எறங்குதாம் அக்கா.” அதை மட்டும் அவள் ஒரு தாளில் குறித்துக்கொண்டாள்.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். சிறை வாசலில் நின்று, வருகிறவர்களின் பைகளைத் திறக்கச் சொல்லிச் சோதிக்கும் வார்டர். ஒன்பது வருடங்களாக அவளை உள்ளே விடாமல் இருப்பதற்கென்றே அரசாங்கம் போட்டுவைத்த ஆள் என்று அவள் சொல்லுகிற மனிதர். “மேடம், ரொம்ப நேரமா வண்டி இங்கயே நிக்குது,” என்று தொடங்கியவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சுற்றிக்கொண்டு அந்தப் பக்கக் கதவைத் திறந்து, துண்டை எடுத்து, கழுத்தில் விரலை வைத்தார்.

வைத்த விரலை எடுக்க அவருக்கு நேரமானது.

ஆம்புலன்ஸுக்கு அவரே போன் போட்டார். இருந்த ஒன்றும் இப்போதுதான் சிறைக்கு வந்து போயிருக்கிறது, அடுத்தது வர அரை மணியாகும் என்றார்கள். வார்டர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசலில் இருந்த இன்னொருவரைக் கூப்பிட்டார். இரண்டு பேருமாக அவள் கணவரைத் தூக்கிப் பின் இருக்கையில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்காரும் நீள இருக்கையில், படுக்க வைத்தார்கள். அவள் ஏறி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வார்டர் சீருடையோடு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து வண்டியை எடுத்தார். வேலை நேரத்தில் வாசலை விட்டுப் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

வழியெல்லாம் அவள் மனதில் ஓடியது ஒன்றுதான். இன்றைக்கு அந்த மனுவுக்கு வாங்கிய கையெழுத்தில் தேதி போட்டார்களா இல்லையா?

பெரியாஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் ஒரு பெண் ஓடிவந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். ஓடு பதிப்பவரின் மனைவி. சலவைக்கடையில் இஸ்திரி போடுபவள். கையெல்லாம் சூட்டுத் தழும்பு.

“பொழச்சிட்டாருக்கா. இன்னும் ஒரு மணி நேரம் ஆயிருந்தா கையில இல்லன்னு டாக்டர் சொன்னாரு. உங்களாலதான் அக்கா. நீங்க இல்லன்னா…”

மனு அக்கா தலையை ஆட்டினாள். “நல்லது. நல்லது,” என்றாள். அவள் தோளுக்குப் பின்னால் தள்ளுகட்டிலில் யாரையோ உருட்டிக்கொண்டு போனார்கள். சலவைக்காரப் பெண் அந்தக் கால்களையும், கால்களில் இருந்த பழைய தோல் செருப்பையும் பார்த்தாள். சிறை வாசலில் வேனுக்கு வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும் செருப்பு. அவள் பிடித்த கையை விடவில்லை.

மருத்துவர் வெளியே வரப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வரும்போதே உயிர் இல்லை, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்றார்.

“எத்தனை மணிக்குன்னு எழுதுனீங்க?” என்று மனு அக்கா கேட்டாள்.

“அம்மா?”

“வந்து சேந்த நேரம். பன்னெண்டு பதினஞ்சு. கொண்டுவந்தவங்க பேரும் எழுதணும். கூட வந்தது மனைவின்னு போடுங்க. வார்டர் பேரு வேண்டாம், அவருக்குச் சிக்கல் வரும். இல்ல, போடுங்க. உண்மைய எழுதணும்ல.”

மருத்துவருக்கு அவளைத் தெரியும். நான்கு வருடங்களுக்கு முன்னால் இதே தாழ்வாரத்தில், சிறையில் இறந்துபோன ஒரு பையனுக்குப் பிரேதப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும் என்று தன் வழியை மறித்து நின்றவளை அவர் மறந்திருக்கவில்லை. அவர் அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தார். ரோட்டில் நடந்த சாவு, காரணம் தெரிய வேண்டுமென்றால் பரிசோதனை செய்ய வேண்டும், நாளைக் காலை உடலைக் கொடுத்துவிடலாம் என்றார்.

“வேண்டாம்,” என்றாள்.

“நீங்களா சொல்றீங்க?”

“அவர வெட்ட வேண்டாம் டாக்டர்.”

சொன்னபிறகுதான் அந்த வாக்கியம் யாருடையது என்று அவளுக்குப் புரிந்தது. அன்று அந்தப் பையனின் அம்மா இதே பெஞ்சில், இதே சொற்களில் அழுதாள். அவளைத் தோளைப் பிடித்துத் தூக்கி, “தெரிஞ்சுக்கிட்டுத்தாம்மா ஆகணும். தெரியாம இருக்கறதுதான் கடைசி வரைக்கும் அரிக்கும்,” என்று மனு அக்கா சொன்னாள். எத்தனை தெளிவாகச் சொன்னாள். குரல்கூட நடுங்கவில்லை.

அப்போது கணவரின் கைபேசி அவள் பையில் அடித்தது. எப்போது எடுத்துப் போட்டுக்கொண்டாள் என்று தெரியவில்லை. ஒரு பெண் குரல், மூச்சு வாங்க: “வேன் அண்ணா, இன்னைக்குப் பாப்பாவுக்கு டான்ஸ் கிளாஸ் இருக்கு. அரை மணி நேரம் கழிச்சு எடுத்துக்கிறீங்களா?”

“சரிங்க. சொல்றேன்,” என்று அவள் வைத்துவிட்டாள். மருத்துவர் வேறு பக்கம் பார்த்தார்.

மகள் ஒரு மணிக்கு வந்தாள். கண்ணாடிக்கடையில் வேலை. கடையின் நீல மேலங்கியைக் கழற்றாமலே வந்திருந்தாள். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் அம்மாவின் பக்கத்தில் உட்காரவில்லை. எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். அழுகை வரவில்லை. முகம் மட்டும் யாரோ அறைந்த மாதிரி சிவந்திருந்தது.

“எங்க நடந்துச்சு?”

“ஜெயில் வாசல்ல. வேன்ல.”

“நீ எங்க இருந்தே?”

“உள்ள.”

“எவ்வளவு நேரம்?”

“ஒரு மணி… இருபது நிமிஷம்.”

“உள்ள என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?”

மனு அக்கா வாயைத் திறந்தாள். ஒரு நெஞ்சுவலிக்காரரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி என்ற பதில் நாக்கு வரைக்கும் வந்தது. அதைச் சொல்ல முடியாமல் மூடிக்கொண்டாள். பத்தடி தள்ளி நின்ற சலவைக்காரப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மகள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அதுவரை கதவோரமாக நின்ற வார்டர் அப்போது முன்னால் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். மூத்த அதிகாரிக்கு முன்னால் நிற்பதைப்போல நின்றார்.

“நான் போகணும்மா. கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். சொல்லலன்னா நாளைக்கு நீங்களே கேப்பீங்க.” தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “ஆம்புலன்ஸ் உள்ள வர்றப்ப உங்க வேன் வழியில நின்னுச்சு. கொஞ்சம் தள்ளினாத்தான் திருப்ப முடியும். ஹாரன் அடிச்சாங்க. நான் போய்க் கண்ணாடியத் தட்டினேன். ரெண்டு தடவ தட்டினேன். எந்திரிக்கல. தூங்குறாருன்னு நெனச்சேன். ‘இந்த ஆளுக்கு இடி விழுந்தாலும் முழிப்பு வராது’ன்னு சொல்லிட்டு, ஆம்புலன்ஸ மண்ணுல எறக்கிச் சுத்தி வரச் சொன்னேன்.”

உள்ளே எங்கோ ஒரு இயந்திரம் விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது.

ஒன்பது வருடங்களாக ஒரு வார்டரின் வாயிலிருந்து வரவழைக்க அவள் போராடியது இதைத்தான். கடைசியாகப் பார்த்தது யார், பார்த்ததும் என்ன செய்தார்கள். ஒருத்தரும் சொன்னதில்லை. பதிவேட்டைப் புரட்டுவார்கள், அன்றைக்கு நான் விடுப்பு என்பார்கள். இன்று கேட்காமலே கிடைத்தது. மீதி ஒரு கேள்விதான். அது பழக்கத்தில் தானாக வெளியே வந்தது.

“எத்தனை மணிக்கு?”

“பதினொன்னு இருபது.”

தாழ்வாரத்தில் நின்ற மருத்துவரை மகள் திரும்பிப் பார்த்தாள். மருத்துவர் சொன்ன ஒரு மணி நேரத்தை அவள் மனதுக்குள் பின்னால் ஓட்டிப் பார்க்கிறாள் என்று தாய்க்குத் தெரிந்தது. தட்டிய நேரத்தில் உயிர் இருந்ததா? வாசல்வரை வந்த ஆம்புலன்ஸில் ஒரு ஆளுக்கு இடம் இருந்ததா?

“போஸ்ட்மார்ட்டம் பண்ணச் சொல்லு,” என்றாள் மகள். “அப்பா எப்பப் போனாருன்னு எனக்குத் தெரியணும்.”

மனு அக்கா எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டாள். தாளில் எந்த இடம் என்று செவிலியர் விரலால் காட்ட வேண்டியிருந்தது. வார்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு, “வரேம்மா,” என்றார். அவள், “சாவிய வண்டியிலயே விட்டுடாதீங்க,” என்றாள். அவர் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

மகள் அப்பாவின் போனை வாங்கி, அதில் இருந்த பெற்றோர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். “இன்னைக்கு வேன் வராது. நீங்களே போய்க் கூட்டிக்கங்க.” சிலர் காரணம் கேட்டார்கள். “அப்பாவுக்கு உடம்பு சரியில்ல,” என்றாள். ஐந்தாவது ஆறாவது போனில் அந்தப் பொய்யைச் சொல்ல முடியாமல் நின்றாள். நின்றுவிட்டு, “அப்பா இல்லைங்க,” என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து என்ன சொன்னார்களோ, “ம். ம்,” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மணி இரண்டே முக்கால் இருக்கும். சலவைக்காரப் பெண் வந்து எதிரில் நின்றாள். ஏதோ சொல்ல வந்தாள். சொல்லாமல் திரும்பிப்போய்த் தூணோரம் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்தாள்.

“என்ன?” என்றாள் மகள்.

“ஒண்ணுமில்லம்மா.”

“ஒண்ணுமில்லன்னா ஏன் வந்து வந்து நிக்கறீங்க?”

அந்தப் பெண் தரையைப் பார்த்தபடி சொன்னாள். காவலுக்கு வந்த போலீஸ்காரர்கள் சாயங்காலமே அவரைத் திரும்பக் கூட்டிப்போக வேண்டுமென்கிறார்கள். ஆள் பற்றாக்குறையாம். மூன்று நாள் படுக்கையில் இருக்க வேண்டும் என்று டாக்டர் எழுதித் தந்திருக்கிறார். ஆனால் குடும்பத்தார் மனு ஒன்றை நாலு மணிக்குள் சிறை அலுவலகத்தில் கொடுத்தால்தான் இங்கேயே வைத்திருப்பார்களாம். “எனக்கு எழுத வராது. வேற யாரையும் தெரியாது. இந்த நேரத்துல கேக்கறது பாவம்னு தெரியும்மா. நான் போறேன்.”

அவள் போகவில்லை. போவதற்கு இடமும் இல்லை.

மனு அக்கா கோப்பைத் திறந்து வெள்ளைத் தாளை எடுத்தாள். பேனா மூடியைக் கழற்றினாள். தாளின் மேல் ஓரத்தில் முனையை வைத்தாள். அங்கேயே வைத்திருந்தாள். ஒரு நீலப் புள்ளி மெல்லப் பெரிதானது.

ஆயிரம் மனுக்களாவது எழுதியிருப்பாள். பேருந்தில் நின்றுகொண்டு எழுதியிருக்கிறாள். காய்ச்சலில் எழுதியிருக்கிறாள். இப்போது முதலில் எழுதுவது யாருக்கு என்பதையா, யாரிடமிருந்து என்பதையா என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணின் கணவர் பெயரைக் கேட்டாள். சொன்னதும் மறந்தது. திரும்பக் கேட்டாள். மூன்றாவது தடவை கேட்டபோது மகள் வந்து தாளையும் பேனாவையும் பிடுங்கினாள்.

“தள்ளி உக்காரு.”

அவள் பெஞ்சில் உட்கார்ந்து, தன் கைப்பையைத் தொடைமேல் வைத்து, அதன்மேல் தாளை வைத்தாள். சின்ன வயதில் அம்மா சொல்லச் சொல்ல இரண்டாம் பிரதி எழுதிய கை. கல்லூரிக்குப் போன வருடம், “இனிமே இந்த வேலைக்கு என்னைக் கூப்பிடாதே. அப்பாவையும் இழுக்காதே,” என்று சொல்லிவிட்டு நிறுத்திய கை. யாரையும் கேட்காமல் முதல் நான்கு வரிகளை எழுதினாள். எழுத்துகள் பெரிது பெரிதாக, தாளைக் கிழிக்கிற அழுத்தத்தோடு விழுந்தன.

“வலி எப்ப ஆரம்பிச்சுச்சு?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

“நாலு நாளாச்சும்மா.”

“எங்க?”

“தோள்ல. அப்புறம் கைக்கு.”

மகளின் பேனா நின்றது. மனு அக்கா தன் இடது தோள்மீது ஒரு கையை வைத்துக்கொண்டாள். காலையில் வீட்டில் அவர் சொன்னதை மகளிடம் அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை எந்தத் தாளிலும் யாரும் எழுதியிருக்கவில்லை. மகள் தலையைத் தூக்காமல் தொடர்ந்து எழுதினாள்.

“கடைசி வரிய என்னன்னு முடிப்பே? எப்பவும் ஒண்ணு போடுவியே,” என்றாள்.

“தாமதத்தால் ஏதேனும் நேர்ந்தால்…” என்று மனு அக்கா ஆரம்பித்தாள். நிறுத்தினாள்.

“சொல்லு.”

“…அதற்குத் தாங்களே பொறுப்பு.”

மகள் அதை எழுதினாள். தாளை மடித்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். “ரெண்டு காப்பி எடுத்துக்கங்க. ஒண்ணுல கையெழுத்து வாங்கிக்கங்க. தேதி இல்லாம வாங்காதீங்க,” என்றாள். சொல்லிவிட்டு எழுந்துபோய், அப்பாவை வைத்திருந்த அறைக்கு வெளியே சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவளுடைய நீல மேலங்கியின் முதுகு குலுங்குவதைத் தாய் பெஞ்சிலிருந்து பார்த்தாள். எழுந்து போகலாமா என்று நினைத்தாள். தன் கை அவள்மேல் பட்டால் அவள் என்ன செய்வாள் என்று தெரியாததால் போகவில்லை.

மறுநாள் காலை மருத்துவர் காகிதத்தை மகளிடம் தந்தார். மாரடைப்பு. பெரிய அடைப்பு.

“நேரம்?” என்று மகள் கேட்டாள்.

“சரியாச் சொல்ல முடியாதும்மா. பத்தே முக்காலா இருக்கலாம். பதினொன்னரையாவும் இருக்கலாம்.”

“ஆம்புலன்ஸ்ல ஏத்தியிருந்தா?”

மகள் பதிலுக்கு நிற்காமல் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். அம்மாவிடம் அதைக் காட்டவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் கிடத்தினார்கள். நாற்காலிகளை எடுத்து மாடிப்படியில் அடுக்கினார்கள். சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், வேனில் போய்வந்த பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் என்று கூட்டம் நெருக்கியது. ஒரு சின்னப் பெண் தன் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “வேன் மாமா ஏன் எந்திரிக்கல?” என்று கேட்டது. யாரோ அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். மனு அக்காவின் நாத்தனார், “நேத்து காலையிலகூட எங்கிட்ட போன்ல பேசினானே, நல்லாத்தானே இருந்தான்,” என்று வருகிற ஒவ்வொருவரிடமும் முதல் தடவை சொல்வதுபோலச் சொன்னாள். மனு அக்கா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். எதிர்ப்பக்கம் மகள். நடுவில் அவர்.

பத்து மணிக்கு வெளியே சத்தம் அடங்கியது. அவள் நிமிர்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

சங்கத்துப் பெண்கள் வந்திருந்தார்கள். சங்கத்துக்கு ஒரே ஒருமுறை வந்து போனவர்களும் வந்திருந்தார்கள். முப்பது நாற்பது பேர் இருக்கும். மற்றவர்களைப்போல அவர்கள் கும்பலாக உள்ளே நுழையவில்லை. தெரு முனையிலிருந்து மதிற்சுவரை ஒட்டி ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை. காத்து நிற்பது எப்படி என்று தெரிந்தவர்கள் அவர்கள். முன்னால் இருப்பவரை இடிக்காமல், சுவரில் சாயாமல், பேசாமல் நின்றார்கள்.

முதலில் நின்றது சலவைக்காரப் பெண். உள்ளே வந்து காலடியில் நின்று கும்பிட்டாள். போகும்போது மகளுக்கு மட்டும் கேட்கும்படி, “தேதி போட்டுத்தான் வாங்கினேன்மா. மூணு நாள் வச்சுக்கச் சொல்லிட்டாங்க,” என்றாள். மகள் தலையை அசைத்தாள்.

வாசற்படிக்கு வெளியே, கதவை ஒட்டி வார்டர் நின்றிருந்தார். விடிந்ததுமே வந்துவிட்டார். சீருடை இல்லாமல் வெள்ளைச் சட்டையில் அவரை அந்தத் தெருவில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. உள்ளே வரவும் தயங்கி, போகவும் மனமில்லாமல், அந்த உடம்புக்குத் தெரிந்த ஒரே இடத்தில், வாசலின் வலப்பக்கம் கால்களை அகட்டி நின்றிருந்தார்.

வரிசையில் அடுத்து வந்தவள் வயதானவள். படியில் கால் வைக்கப்போனவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். நின்றாள். தோளில் மாட்டியிருந்த துணிப்பையை இறக்கி, அதன் வாயை அகலமாக விரித்து, அவர் பார்ப்பதற்கு வசதியாக உயர்த்திப் பிடித்தாள்.

“வேண்டாம்மா,” என்றார் வார்டர். “நீங்க உள்ள போங்க.”

அவள் பையை மூடிக்கொண்டு உள்ளே வந்தாள்.

வார்டர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அடுத்தவளும் பையைத் திறந்து பிடித்தாள்.